எழுபத்திரண்டு கண்ணிக் குல்லா

தம்பி, அந்த ஊசிய அப்படிப் பாக்காதீங்க. குத்தாது. முனை மழுங்கினதுதான், நுனியில கொக்கி மாதிரி லேசா வளைஞ்சிருக்கும், அவ்வளவுதான். குரோஷா ஊசி. பொம்பளைங்க உல்லன் நூல்ல பின்னுவாங்கல்லா, அது. சட்டைப் பையில பேனா மாதிரி சொருகி வச்சிருக்கேன். ரெண்டு மாசத்துக்கு மேல அங்கதான் இருக்கு.

சட்டைக் கையில இருக்கது ரத்தம்தான். என்னுது இல்ல. காஞ்சு போச்சு, உங்க மேல ஒட்டாது. நல்லா சாஞ்சு உக்காருங்க.

வள்ளியூரா? சரி, பஸ்ஸு அங்க போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு. நான் பாளையங்கோட்டை போகணும். பையில டயப்பர் பாக்கெட் தெரியுது, வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கோ? எத்தனை மாசம்? நாலா? எம் பேத்திக்கு மூணு. அவளப் பாக்கத்தான் நாகர்கோவில் வந்தேன். பாக்காம திரும்பிப் போறேன். நீங்களும் பிள்ளை பெத்தவரு, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

எம் பேரு ஞானதாஸ். பி.டி. வாத்தியார். முப்பத்திரெண்டு வருஷம் ஒரே ஸ்கூலு. ரிட்டயராகி மூணு வருஷமாச்சு. நான் விசிலடிச்சா கிரவுண்டுல காக்கா கூட உக்காராது. லேட்டா வந்தியா, பத்து ரவுண்டு. நகம் வெட்டலையா, பத்து ரவுண்டு. அழுதியா, இன்னும் அஞ்சு. அடியும் உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். பிரம்பு எனக்குப் புடிக்காது. கைதான். அடிக்கிறவனுக்கும் கொஞ்சம் வலிக்கணும், அதுதான் நியாயம். என்கிட்ட அடி வாங்கினவன் எத்தனையோ பேரு இன்னைக்கு நல்லா இருக்கான். ரோட்டுல பாத்தா வண்டிய நிறுத்தாம போயிருவான், அது வேற விஷயம்.

இந்தா பாருங்க என் வலது கை. விரல் முட்டிக்குப் பின்னால வரி மாதிரித் தெரியுதுல்லா, அங்க ரெண்டு எலும்பு நொறுங்கி பிளேட்டு வச்சிருக்கு. எப்படி ஒடிஞ்சுதுன்னு கேக்கீங்களா? பீரோல பட்டுது. கோத்ரேஜ் மாடல் இரும்பு பீரோ. என் கல்யாணத்துக்கு மாமனார் குடுத்தது. அந்தக் காலத்துத் தகடு, கொஞ்சம் கூட நெளியல.

சும்மா போய் பீரோவ அடிப்பனா? என் மகள் பெனிட்டா நாகர்கோவில்லருந்து வந்திருந்தா. அப்ப அவளுக்கு நாலு மாசம். சாப்பாடெல்லாம் முடிஞ்சு அவங்க அம்மாகிட்ட, "அம்மா, நீங்க எங்கூட வந்துருங்க"ன்னா. பிரசவத்துக்கா வரச் சொல்லுதான்னு பாத்தா, மொத்தமா வரச் சொல்லுதா. என் முன்னாலயே. நான் ஒரு மனுசன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். பாக்கியம், என் பெஞ்சாதி, அவ வாயத் தொறந்து வர மாட்டேன்னு சொல்லணுமா இல்லையா? சொல்லல. என்னையும் பாக்கல, தரையப் பாத்துக்கிட்டு நிக்கா. எனக்குத் தலைக்கு ஏறிட்டு. கையத் தூக்கினேன். தூக்கினதோட சரி. பெனிட்டா நகந்துட்டா. பின்னால பீரோ இருந்துது. அவ நகராம இருந்திருந்தா எனக்கு எலும்பு ஒடிஞ்சிருக்காது. இத நான் டாக்டர்கிட்டயே சொன்னேன். அவரு எழுதிக்கிட்டே இருந்தாரு, நிமிந்து பாக்கல.

அன்னைக்கே ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஒத்தக் கையோட நானே ஆட்டோ புடிச்சுப் போனேன் ஆசுபத்திரிக்கு.

எலும்பு கூடிட்டு. விரல்தான் மடங்கல. காப்பி டம்ளரப் புடிக்க வராது, சட்டை பட்டன் போட வராது. ஆசுபத்திரியில ஒரு ரூம் உண்டு, கை கால் பயிற்சி குடுக்க இடம். அங்க இருந்த பொண்ணு ரப்பர் பந்து குடுத்து அமுக்கச் சொல்லுச்சு. ஒரு மாசம் அமுக்கினேன். கோபத்துல அமுக்கினதுல பந்து பிஞ்சு போச்சே ஒழிய விரல் அப்படியேதான் இருந்துது. "சார், நுணுக்கமா ஏதாவது செய்யணும். அந்த அக்காவப் பாருங்க"ன்னு காட்டுச்சு. மூலையில ஒரு பொம்பளை உக்காந்து குரோஷா பின்னிக்கிட்டு இருந்தா. மணிக்கட்டுல கட்டு. பேரு லில்லி புஷ்பம். நாப்பது, நாப்பத்திரெண்டு இருக்கும்.

நான் பொம்பளை வேலை செய்யுறதான்னு ரெண்டு நாள் அந்தப் பக்கமே திரும்பல. அப்பத்தான் பெனிட்டாவுக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்திருக்குன்னு சர்ச்சுல ஒருத்தர் சொன்னாரு. யாரோ ஒருத்தர் சொல்லி நான் தெரிஞ்சுக்கிட வேண்டியிருக்கு, பாருங்க. வீட்டுக்கு வந்து அழுதேன். ஆமா, அழுதேன், அதுல என்ன வெக்கம். மறுநாள் லில்லி பக்கத்துல போய் உக்காந்து, "பச்சப் பிள்ளைக்குக் குல்லா பின்னணும், சொல்லிக் குடு"ன்னேன்.

மொதல்ல சங்கிலி. கண்ணிக்குள்ள நூல இழுத்து அடுத்த கண்ணி, அதுக்குள்ள இழுத்து அடுத்தது. ஒரு வாரம் வெறும் சங்கிலி. அப்புறம்தான் வட்டம். குல்லா நேரா பின்னுறது இல்ல தம்பி, உச்சியில தொடங்கி சுத்திச் சுத்தி வரணும். நூல ஒரு வளையமாப் போட்டு அதுக்குள்ள ஆறு கண்ணி. அடுத்த சுத்து பன்னெண்டு. அதுக்கு அடுத்தது பதினெட்டு. சுத்துக்கு ஆறு கூட்டணும். கூட்டாம விட்டா கிண்ணம் மாதிரி குவிஞ்சுக்கிடும். அதிகமா கூட்டிட்டா பாவாடைக் கரை மாதிரி சுருக்கு சுருக்கா நிக்கும். எனக்கு மொதல்ல கிண்ணம் வந்துது. மறுபடியும் கிண்ணம். அப்புறம் சுருக்கு. எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னே தெரியாது, ஏன்னா சுத்து முடியுறதே இல்ல, மேல மேல ஏறிக்கிட்டே போகும். மொதல் கண்ணியில ஒரு ஊக்கு குத்தி வச்சுக்கிடணும் அடையாளத்துக்கு. அந்த ஊக்க எங்கயாவது விட்டுருவேன். ஒரு நாள் ஆத்திரத்துல எல்லாத்தையும் தரையில எறிஞ்சு மிதிச்சேன். ஊசியையும் சேத்து மிதிச்சேன். பயிற்சிக்கு வந்த கிழவர் ஒருத்தரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

லில்லி குனிஞ்சு எடுத்தா. தூசியத் தட்டினா. "நூல் என்ன சார் செஞ்சுது உங்கள?"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. வேற யாராவது கேட்டிருந்தா பல்லத் தட்டியிருப்பேன். அவகிட்ட வரல.

அப்புறம் விசில் வாயில இல்லாத குறையா எண்ணி எண்ணிப் பின்னினேன். ஒன், டூ, த்ரீ. எழுபத்திரண்டு கண்ணி வந்ததும் கூட்டுறத நிறுத்தணும். அதுக்கப்புறம் சும்மா சுத்திக்கிட்டே போனா போதும், தானா கீழ வளைஞ்சு தலைக்கு உக்காந்துரும். சொல்லிக் குடுத்தபடி வளைஞ்சுது தம்பி. அந்த விளிம்பு வளைஞ்சத மொதல்ல பாத்தப்ப எனக்கு சந்தோஷம் தாங்கல. முப்பத்திரெண்டு வருஷத்துல எத்தனையோ கப் வாங்கிக் குடுத்திருக்கேன் ஸ்கூலுக்கு, இப்படி இருந்ததில்ல. விரலும் மடங்க ஆரம்பிச்சுட்டு.

அந்த நேரத்துலதான் ஒரு நாள் லில்லிகிட்ட கேட்டேன், மணிக்கட்டு எப்படி ஒடிஞ்சுதுன்னு. பாத்ரூம்ல வழுக்கிட்டுன்னா. போன வருஷம் காலர் எலும்பு, அதுவும் வழுக்கித்தானாம். எனக்குத் தெரியாதா? வழுக்கி விழுந்தவ யாரும் கண்ணப் பாத்து சொல்லுவா. தரையப் பாத்து சொன்னா புருசன்தான். பாக்கியமும் ரெண்டு தடவை ஆசுபத்திரியில அப்படித்தான் சொன்னா. அது வேற, அது குடும்ப விஷயம்.

எனக்குப் பொறுக்கல. இப்படி ஒரு நல்ல பொம்பளைய ஒருத்தன் அடிக்கான். விசாரிச்சேன். அருமைராஜ்னு பேரு, மரக்கடையில வேலை. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச கையோட நேரா அவன் வீட்டுக்குப் போனேன். வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தான். "லில்லிய ஏம்ல அடிக்க?"ன்னேன். "நீரு யாரு வேய் அதக் கேக்க?"ன்னான். அந்தக் கேள்விக்கு நான் வாயால பதில் சொல்லல. இடது கையாலதான் குடுத்தேன், வலது கைதான் ஆகாதே. மொதல் அடியில மூக்கு. பேப்பரோட சாஞ்சான். தூக்கி நிறுத்தி இன்னொண்ணு. கீழ்வரிசைப் பல்லு ரெண்டு வாசப்படியில கெடந்துது. தெருவே நின்னு பாக்கு. "பொம்பளை மேல கை வைக்கிறவன் எல்லாம் ஒரு ஆம்பளையா?"ன்னு கேட்டு கேட்டு அடிச்சேன். லில்லி உள்ளருந்து ஓடி வந்தா. "சார், போங்க. தயவு செஞ்சு போங்க சார்"னு கும்பிடுதா. அழுகையில நன்றி சொல்லுதான்னு நெனச்சேன்.

அடுத்த செவ்வாக்கிழமை பயிற்சிக்கு அவ வரல. அடுத்த வாரமும் வரல. மார்க்கெட்டுல பாத்தேன் ஒரு நாள். கட்டு இப்ப அடுத்த கையில இருந்துது. ஒரு கண்ணு முழுசாத் தொறக்கல. நான் "லில்லி"ன்னு கூப்பிட்டேன். காய்கறிப் பைய அப்படியே போட்டுட்டுத் திரும்பிப் போறா. கத்தரிக்கா உருண்டு கெடக்கு, நான்தான் பொறுக்கி கடைக்காரிகிட்ட குடுத்தேன். எனக்கு நன்றி எல்லாம் வேண்டாம் தம்பி. ஒரு வார்த்தை? அவளுக்காக ரெண்டு நாள் கை வீங்கிக் கெடந்தவன் நான்.

ஆனா ஒரு சிக்கல் வந்துட்டு. எல்லாம் சொல்லிக் குடுத்தவ, முடிக்கிறது எப்படின்னு சொல்லிக் குடுக்காமப் போயிட்டா. "அது கடைசியில பாத்துக்கிடலாம் சார்"னு சொல்லியிருந்தா. குரோஷாவுல கடைசிக் கண்ணி தொறந்து நிக்கும். ஊசிய உருவினா அது வெறும் வளையம். நூலப் புடிச்சு யாராவது இழுத்தா போதும், மொத்தமும் பிரிஞ்சு வந்துரும். அது எனக்கு நல்லாத் தெரியும். கல்யாணமான புதுசுல பாக்கியம் ஒரு மேசை விரிப்பு பின்னினா. அவளுக்கு இதெல்லாம் கை வந்த கலை. ஒரு நாள் நான் பசியோட வந்து நிக்கேன், இவ பின்னிக்கிட்டு இருக்கா. நூலு நுனியப் புடிச்சு இழுத்தேன். இழுத்துக்கிட்டே வாசல் வரைக்கும் நடந்தேன். நாலு மாச வேலை, பத்து நிமிஷத்துல சுருள் சுருளா நூலாப் போச்சு. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. வாயத் தொறக்கல. நான் கோபமா இருக்கும்போது வாயத் தொறக்கக் கூடாதுன்னு மொதல் மாசமே சொல்லியிருந்தேன், அதுல அவ கரெக்ட்டு. அதுக்கப்புறம் அவ ஊசியத் தொடல.

அதனால நான் நிறுத்தல. வேற யார்கிட்ட போய்க் கேக்க? பி.டி. வாத்தியார் குல்லா முடிக்கத் தெரியாம நிக்காருன்னு ஊரு சிரிக்கவா? எங்கிட்ட இருக்கது பட்டன் போனு, அதுல படமும் வராது. சுத்திக்கிட்டே இருந்தேன். ஊசி உள்ள இருக்க வரைக்கும் பிரியாதுல்லா. குல்லா நீண்டுக்கிட்டே போச்சு.

போன வாரம் மருமகன் ஜெனிஷ் போன் பண்ணினான். பெனிட்டா சம்மதிச்சுட்டாளாம். பதினோரு மணிக்கு வரணும். வீட்டுக்குள்ள வரக் கூடாது, அபார்ட்மெண்ட் கீழ செக்யூரிட்டி ரூம் பக்கத்துல பெஞ்சு கெடக்கு, அங்க உக்காரணும். சத்தம் போடக் கூடாது. மொதல்ல அத்தை வருவாங்க, அத்தை சரின்னு சொன்னாத்தான் பிள்ளை கீழ வரும். எனக்கு ரத்தம் கொதிச்சுது. ஆனா சரின்னேன். பிள்ளைக்காக சரின்னேன். யார்கிட்டயும் அப்படி நான் சரின்னு சொன்னதில்ல.

இன்னைக்குப் பத்தேகாலுக்கே போயிட்டேன். வெள்ளைச் சட்டை, இதே சட்டைதான். பதினோரு மணிக்குப் பாக்கியம் வந்தா. கொஞ்சம் சதை போட்டிருக்கா. அஞ்சடி தள்ளி நின்னா. நான் குல்லாவ ஊசியோட நீட்டினேன். "நானே பின்னினேன்"ன்னேன். கிட்ட வந்து வாங்கினா. திருப்பித் திருப்பிப் பாத்தா. உச்சியில அந்த ஆறு கண்ணிய விரலால தடவினா. தம்பி, பொய் சொல்லல, அவ முகத்துல சிரிப்பு வந்துது. முப்பது வருஷத்துல நான் எண்ணிருவேன் அந்தச் சிரிப்ப. அவ மேல மூணாவது மாடியப் பாத்து தலைய ஆட்டினா. அங்க பால்கனியில நின்ன பெனிட்டா உள்ள போனா. பிள்ளையக் கூட்டிக்கிட்டு கீழ வரப் போறா. பாக்கியம் பெஞ்சுல உக்காந்தா, ஊசிய உருவி என் கையில குடுத்தா. நூலப் புடிச்சா. இழுத்தா.

இழுத்தா தம்பி. ஒரு சுத்து போச்சு. ரெண்டாவது சுத்து போச்சு. என் கண்ணு முன்னால. மூணு, நாலு, போய்க்கிட்டே இருக்கு. நான் அந்த மேசை விரிப்புக்குப் பழி வாங்குதான்னு நெனச்சேன். இத்தனை வருஷம் மனசுல வச்சுக்கிட்டு, எம் பேத்தி வார நேரம் பாத்து. எவனா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பான். நீங்க நெனக்க மாட்டீங்களா?

எந்திரிச்சேன். "ஏட்டி"ன்னு கத்தினேன். கையத் தூக்கினேன். தூக்கினதோட சரி. கையில ஊசி இருந்துது. அவ முகத்த மறைக்க கையக் குறுக்க கொண்டு வந்தா, பழக்கதோஷம். முழங்கைக்குக் கீழ சதையில ஊசி ஏறிட்டு. ஊசிதான் பட்டுது தம்பி, என் கை படல. கொக்கி முனைல்லா, உள்ள போனா லேசுல வராது. செக்யூரிட்டி ஓடி வந்து என் ரெண்டு கையையும் பின்னால முறுக்கி பெஞ்சுல உக்கார வச்சான். வயசு இருவத்தஞ்சு இருக்கும் அவனுக்கு, என்னைய.

அப்பத்தான் லிப்ட்டு தொறந்துது. பெனிட்டா நிக்கா. பச்சைத் துணியில சுத்தி ஒரு பொட்டலம், அதுக்குள்ளருந்து ஒரு குதிகால் மட்டும் வெளிய தெரியுது. ரோஸ் கலர்ல. இம்புட்டுதான் இருக்கும். அவ அம்மா கையப் பாத்தா, என்னப் பாத்தா. பட்டன அமுக்கினா. கதவு மூடிக்கிட்டு.

பாக்கியம் என்ன செஞ்சா தெரியுமா? அழல. ஊசியத் திருகி அவளே வெளிய எடுத்தா. சேலை முந்தானையில தொடச்சா. பெஞ்சுல உக்காந்து, அந்தத் தொறந்து நின்ன கண்ணிக்குள்ள விட்டு, ஒரே ஒரு இழுப்பு, பல்லால நூலக் கடிச்சு அறுத்து, நுனிய உள்ள இழுத்து விட்டா. முடிஞ்சுது. ரெண்டு நொடி கூட ஆகல. இவ்வளவுதானா முடிக்கிறதுன்னு ஆயிட்டு எனக்கு.

குல்லாவையும் ஊசியையும் என் மடியில வச்சா. "பிள்ளைக்குக் கண்ண மறைக்கும். அதான் எட்டு சுத்து பிரிச்சேன்"ன்னா. கையப் பொத்திக்கிட்டு படியேறிப் போயிட்டா.

அத வாயத் தொறந்து மொதல்லயே சொன்னா என்ன? நீங்க சொல்லுங்க. "நீளமா இருக்கு, குறைக்கப் போறேன்"னு ஒரு வார்த்தை. அவ சொல்லாததுக்கு நான் எம் பேத்தியப் பாக்காம போறேன். இதுல எந்தப் பக்கம் நியாயம் இருக்கு?

இந்தா பாருங்க, இதான் குல்லா. பால் வெள்ளை. பின்னல் எப்படி, எழுபத்திரண்டு கண்ணி, ஒண்ணு கூட விடல. இந்தப் பக்கம் ஒரு பொட்டு ரத்தம் இருக்கு, சோப்பு போட்டா போயிரும். உங்க பிள்ளைக்கு நாலு மாசம்னுதான சொன்னீங்க, அளவு சரியா இருக்கும். நீங்க வச்சுக்கிடுங்க. நான் வீட்டுக்குக் கொண்டு போய் யாருக்குப் போட? வாங்கிக்கிடுங்க.

ஏன் எந்திரிக்கீங்க? காவல்கிணறுதான் வந்திருக்கு தம்பி. வள்ளியூர் இன்னும் எவ்வளவோ இருக்கு. பஸ்ஸே காலியாத்தான் கெடக்கு, நின்னுக்கிட்டா போகப் போறீங்க? சரி, போங்க, இத மட்டும் வாங்கிக்கிட்டுப் போங்க. வாங்கிக்கிடுங்கன்னு சொல்லுதேன்லா. தம்பி. ஏல, ஒரு மனுசன் பேசிக்கிட்டு இருக்கும்போது...

இல்ல, இல்ல. நீங்க ஏன் முகத்த மறைக்கீங்க? வண்டி குலுங்குச்சு, கம்பியப் புடிக்கத்தான் கையத் தூக்கினேன்.